நான்காவது ஸ்கேன்

கேள்வி: எனக்கு வயது 27. இது முதல் கர்ப்பம்; இப்போது 16 வாரம். ஆறாவது வாரத்தில் ஒன்று, எட்டாவது வாரத்தில் லேசாக உதிரம் பட்டதால் ஒன்று, பன்னிரண்டாவது வாரத்தில் குழந்தையின் கழுத்துப் பின்புறத்தை அளக்கும் என்.டி. ஸ்கேன் ஒன்று என ஏற்கெனவே மூன்று ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. அடுத்த மாதம், குழந்தையின் உறுப்புகளில் குறை ஏதும் உண்டா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். "நாங்கள் ஒரு ஸ்கேன்கூட இல்லாமல் நாலு பிள்ளை பெற்றோம், இத்தனை தடவை கதிரைப் பாய்ச்சினால் பிள்ளை என்னத்துக்கு ஆகும்?" என்கிறார் என் மாமியார். ஸ்கேன் எடுப்பதால்தான் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு வீடியோ வேறு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. என் நாத்தனாரின் மூன்று வயது மகன் இன்னும் சரியாகப் பேசாததால் வீட்டில் எல்லோரும் அதை நம்புகிறார்கள். "எக்ஸ்ரேயையும் ஒரு காலத்தில் பாதுகாப்பானது என்றுதானே சொன்னார்கள்?" என்று கேட்கிறார் என் கணவர். பன்னிரண்டாவது வார ஸ்கேனின்போது திரையில் சிவப்பும் நீலமுமாக ஏதோ தோன்றியதைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. நான்காவது ஸ்கேனைத் தவிர்த்துவிடலாமா? அதற்குப் பதிலாக, குழந்தையின் இதயத் துடிப்பை வீட்டிலேயே கேட்கும் கருவியை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்காவது ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். கர்ப்ப காலம் முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்கேன்தான் என்று யாராவது கட்டுப்பாடு விதித்தால், நான் தேர்ந்தெடுப்பது நீங்கள் விட்டுவிடலாமா என்று கேட்கும் அந்த ஸ்கேனைத்தான். கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்வதையே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொழிலாகக் கொண்டவள் நான். ஸ்கேன் செய்து பிழைப்பவள் அதைக் குறை சொல்லவா போகிறாள் என்று உங்கள் மாமியார் நினைத்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆகவே, எதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை என்பதோடு, எங்களைப் போன்றவர்கள் எதிலெல்லாம் கவனக்குறைவாக இருக்கிறோம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதிக்கு 'ஸ்கேன்' என்ற சொல்லே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு எடுப்பதும் நம் பேச்சில் ஸ்கேன்தான், முதுகுத்தண்டு வலிக்கு எடுப்பதும் ஸ்கேன்தான், வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதும் ஸ்கேன்தான். முதலாவது சி.டி.; அதில் எக்ஸ் கதிர்கள் உடலை ஊடுருவுகின்றன. இரண்டாவது எம்.ஆர்.ஐ.; அது காந்தப் புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு இயங்குகிறது. உங்களுக்குச் செய்யப்பட்டது மூன்றாவது வகையான அல்ட்ராசவுண்ட். அதில் இருப்பது ஒலி மட்டுமே. நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் போனால் மனிதக் காது கேட்காது. வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் பயன்படும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சத்திலிருந்து 50 லட்சம் முறை அதிர்கிறது. ஆகவே 'கதிரைப் பாய்ச்சுகிறார்கள்' என்ற பேச்சு சி.டி.க்குப் பொருந்தும், உங்களுக்கு நடந்த எதற்கும் பொருந்தாது.

உங்கள் கணவரின் கேள்வி கூர்மையானது. அதைச் சிரித்து ஒதுக்குவது முறையாகாது. கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பது ஒரு காலத்தில் சாதாரண வழக்கமாகத்தான் இருந்தது. இடுப்பெலும்பின் அகலத்தை அளக்கவும், இரட்டைக் குழந்தையா என்று பார்க்கவும், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறியவும் எடுத்தார்கள். 1956இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களையும் நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மார்களையும் விசாரித்து ஒப்பிட்டபோது, முதல் பிரிவினரிடையே கர்ப்ப கால வயிற்று எக்ஸ்ரே ஏறத்தாழ இரு மடங்கு இருந்ததைக் கண்டார். மருத்துவ உலகம் அதை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. வாதங்கள் பல ஆண்டுகள் நீடித்தன. இது எங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்க்கும் வரலாறு அல்ல. ஆனால் அதே காலகட்டத்தில், 1958இல், கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவருடைய சகாக்களும், உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிக்கும் கருவியின் தத்துவத்தை எடுத்து, வயிற்றுக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைப் படமாக்கிய முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கர்ப்பிணிகளின் வயிற்று எக்ஸ்ரேயை ஏறக்குறைய முழுமையாக ஓரம்கட்டியது அந்த ஒலிக்கருவிதான். உங்கள் கணவர் அஞ்சும் ஆபத்தை விலக்குவதற்கு வந்த மாற்று வழியையே அவர் இப்போது சந்தேகிக்கிறார்.

இரண்டும் வேலை செய்யும் விதமும் வேறு. எக்ஸ் கதிருக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ஆற்றல் உண்டு. அதனால் செல்லின் மரபுப் பொருளையே அறுக்க முடியும், அப்படி அறுந்தது சரியாக ஒட்டாமல் போனால் பல ஆண்டுகள் கழித்தும் விளைவு வெளிப்படலாம். ஒலிக்கு அந்த ஆற்றல் கிடையாது. அதனால் 'மூன்று ஆகிவிட்டது, நான்காவதைத் தாங்குமா' என்று கூட்டிக்கொண்டே போகும் கணக்கு இங்கே பொருந்துவதில்லை.

அப்படியென்றால் ஒலியால் எந்தத் தீங்குமே வராதா என்றால், வரும்; அளவு மீறினால் வரும். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸின் துலோன் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய ஒலிக்கற்றைகளைச் சோதித்த பால் லாஞ்ஜவன், வலிமையான கற்றையின் குறுக்கே வந்த சிறு மீன்கள் செத்து மிதந்ததைக் குறித்துவைத்தார். தசை வலிக்குப் பிசியோதெரபியில் கொடுக்கும் அல்ட்ராசவுண்டும் இதே ஒலிதான். அங்கே திசுவைச் சூடாக்குவதே நோக்கம் என்பதால் கருவி வேறு, அளவும் வேறு. இடுப்பு வலி என்று போகும் கர்ப்பிணிப் பெண்கள், தாங்கள் கருவுற்றிருப்பதைப் பிசியோதெரபிஸ்டிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வயிற்றின்மீதும் இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் அந்தச் சிகிச்சை அவர்களுக்குக் கூடாது. ஸ்கேன் அறையைக் கண்டு அஞ்சுகிற பலர் இந்த இடத்தில் அஞ்சுவதில்லை.

குழந்தையைப் பார்க்கும் ஸ்கேனைப் பொறுத்தவரை ஆராயப்பட்ட தீங்குகள் இரண்டு. ஒன்று, ஒலியின் அழுத்த மாற்றத்தால் திசுவுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் விரிந்து சுருங்கி அருகிலுள்ள செல்களைச் சிதைப்பது. கருவிலுள்ள குழந்தையின் நுரையீரலில் காற்றே இல்லை, திரவம்தான் இருக்கிறது. குமிழி இல்லாத இடத்தில் இந்தத் தீங்குக்கு வாய்ப்பு மிகக் குறைவு. மற்றொன்று வெப்பம். ஒலி திசுவுக்குள் போகப் போக அதன் ஆற்றலில் ஒரு பகுதி உள்வாங்கப்பட்டு வெப்பமாகிறது. நீர் மிகக் குறைவாகவும், எலும்பு மிக அதிகமாகவும் உள்வாங்கும். எங்கள் கவனம் முழுவதும் இருக்க வேண்டிய இடம் இதுதான்.

சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த வெப்பம் மிகச் சிறியது. கருவி இடைவிடாமல் ஒலி அனுப்பிக்கொண்டிருப்பதில்லை. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அரை மணி நேரம் ஸ்கேன் நடந்தால், அதில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட நேரம் கருவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மேலும், வயிற்றின்மேல் வைத்து ஒலியை அனுப்பும் புரோப் என்ற கைக்கருவியை நகர்த்திக்கொண்டே இருப்பதால் கற்றை ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஓடும் இரத்தம் சூட்டை எடுத்துச் சென்றுவிடுகிறது. கருவின் வெப்பநிலையை 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயர்த்தாத ஸ்கேனை வெப்பத்தைக் காரணம் காட்டித் தடுக்க வேண்டியதில்லை என்றும், 4 டிகிரி உயர்வு ஐந்து நிமிடம் நீடித்தால் அதை ஆபத்துக்கு இடமுள்ளதாகக் கருத வேண்டும் என்றும் உலக அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு 1990களின் இறுதியில் வரையறுத்தது. இதை வீட்டுக் கணக்கில் சொன்னால் எளிதாக விளங்கும். உங்களுக்கு 102 டிகிரி பாரன்ஹீட் காய்ச்சல் அடித்தால் உங்கள் உடலும் உள்ளே இருக்கும் குழந்தையும் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் சூடாகின்றன. அதுவும் சில நிமிடங்களுக்கு அல்ல, மணிக்கணக்கில். காய்ச்சலைக் 'கர்ப்பத்தில் மாத்திரை கூடாது' என்று பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் பெண், ஸ்கேனுக்கு அஞ்சுவதில் பொருளில்லை. காய்ச்சல் வந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டு, பெரும்பாலும் பாராசிட்டமால்தான் தருவார், உடனே குறைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சிவப்பும் நீலமும். அது வெப்பத்தைக் காட்டும் நிறமன்று. டாப்ளர் என்ற முறையில் இரத்த ஓட்டத்தின் திசையைக் காட்ட, பொதுவாகப் புரோபை நோக்கி வரும் இரத்தத்துக்குச் சிவப்பும் விலகிச் செல்லும் இரத்தத்துக்கு நீலமும் கருவியே பூசுகிறது. சிவப்பு என்றால் சூடு என்று நினைத்துக்கொண்டு படுக்கையிலிருந்து எழ முயன்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியது என் கடமை. ஆனாலும் உங்கள் பயத்துக்குப் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. டாப்ளரில், அதிலும் ஒரு புள்ளியில் கற்றையை நிறுத்தி அலை வடிவத்தை வரையும் துடிப்பு டாப்ளரில், ஒலியாற்றல் ஒரே இடத்தில் குவிகிறது. வெப்பம் உயர்வதற்கு அதிக வாய்ப்புள்ள முறை அதுதான். அதனால்தான் முதல் மூன்று மாதங்களில் காரணமின்றி டாப்ளர் பயன்படுத்தக் கூடாது என்று சர்வதேச மகப்பேறு அல்ட்ராசவுண்ட் சங்கம் அறிவுறுத்துகிறது. 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யும் என்.டி. ஸ்கேனில் குரோமோசோம் குறைபாட்டின் சாத்தியத்தைக் கணிக்கச் சில நொடிகள் அது தேவைப்படலாம். அப்போதும் வெப்பக் குறியீடு 1க்கு மேல் போகாமலும், நேரம் நீளாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கு அன்று பார்த்தது கருப்பைத் தமனியின் ஓட்டமாகவும் இருக்கலாம். பின்னாளில் இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பை அறிய அதை அந்த வாரங்களில் பார்ப்பது உண்டு. அந்தத் தமனி கருப்பையின் பக்கவாட்டில் இருப்பதால் குழந்தை அந்தக் கற்றைக்குள் வருவதே இல்லை.

வெப்பக் குறியீடு என்று சொன்னேன். அதைச் சற்று விளக்க வேண்டும். எந்த நவீன ஸ்கேன் கருவியின் திரையிலும் ஒரு மூலையில் டி.ஐ., எம்.ஐ. என்று இரண்டு எண்கள் சிறியதாக ஓடிக்கொண்டிருக்கும். டி.ஐ. என்பது வெப்பக் குறியீடு: அந்த நொடியில் வெளிப்படும் ஒலியாற்றல், திசுவை 1 டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு என்பது அதன் பொருள். எம்.ஐ. குமிழித் தீங்குக்கான குறியீடு. பிரிட்டனின் மருத்துவ அல்ட்ராசவுண்ட் சங்கம் இதற்கு நேரக் கணக்கே வகுத்துத் தந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு டி.ஐ. 0.7 வரை நேரக் கட்டுப்பாடு இல்லை, 1 வரை ஒரு மணி நேரம், 1.5 வரை அரை மணி, 2 வரை 15 நிமிடம், 2.5 வரை 4 நிமிடம். 3 வரை ஒரே ஒரு நிமிடம். அதற்கு மேல் கூடாது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இந்த எண் பெரும்பாலும் 0.7க்குக் கீழேதான் நிற்கும். டி.ஐ.யிலேயே பத்தாவது வாரம் வரை மென்திசுவுக்கான எண்ணையும், அதன் பிறகு எலும்புக்கான எண்ணையும் கவனிக்க வேண்டும் என்பதும் அந்த விதியின் பகுதி.

எங்கள் குறை இந்த இடத்தில்தான் இருக்கிறது. 1990களின் தொடக்கம் வரை கர்ப்பிணிகளுக்கான ஒலிச் செறிவுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் சதுர சென்டிமீட்டருக்கு 94 மில்லிவாட் என்ற உச்ச வரம்பை வைத்திருந்தது. படம் தெளிவாக வேண்டும் என்ற கோரிக்கையால் அது 720 மில்லிவாட் வரை தளர்த்தப்பட்டது. அதற்குப் பதிலாக, டி.ஐ., எம்.ஐ. எண்களைத் திரையில் காட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அதாவது கருவியின் வரம்பைத் தளர்த்தி, பொறுப்பை அதைக் கையாளும் மனிதரிடம் ஒப்படைத்தார்கள். அந்த மனிதர் எண்ணைப் பார்க்கிறாரா? 2007இல் அமெரிக்காவில், கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் செய்பவர்களிடமே கேட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், வெப்பக் குறியீடு என்றால் என்ன என்று சரியாகச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே இருந்தார்கள். நான் பயிற்சி பெற்ற நாட்களிலும் அந்த மூலையைக் காட்டி எனக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை. வேலைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்தே அது ஏன் அங்கே இருக்கிறது என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

இளம் கர்ப்பத்தில் பெற்றோர் கேட்கும் ஒரு சிறிய ஆசையும் இதில் சேரும். ஆறாவது, ஏழாவது வாரத்தில் 'துடிப்பைக் கேட்க வையுங்கள் டாக்டர்' என்பார்கள். அறையில் ஒலிக்கும் அந்த 'டுப் டுப்' சத்தம் குழந்தையின் இதயம் எழுப்புவதன்று. டாப்ளர் அளக்கும் அதிர்வு மாறுபாடு தற்செயலாக மனிதக் காதுக்கு எட்டும் வரம்பில் இருப்பதால் கருவி அதை ஒலிபெருக்கியில் போடுகிறது. துடிப்பை எண்ணுவதற்கு எம்-மோட் என்ற எளிய முறை இருக்கிறது. அது சத்தமில்லாமல் ஒரு கோட்டு வரைபடமாகத் துடிப்பைக் காட்டிவிடும், ஆற்றலும் மிகக் குறைவு. ஆகவே அந்த வாரங்களில் கண்ணால் பார்த்துத் திருப்தி அடையுங்கள், கேட்கும் ஆசையைச் சில மாதங்கள் தள்ளிவையுங்கள் என்று நான் சொல்லிவிடுவேன். சிலர் முகம் வாடிப்போகும்.

ஆறாவது வாரத்தில் உங்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்திருக்கக்கூடும். எட்டாவது வாரத்தில் உதிரம் பட்டதற்கு அதுதான் காரணம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த ஸ்கேன் கருச்சிதைவை உண்டாக்குவதில்லை. இளம் கர்ப்பத்தில் உதிரம் படுவது பல பெண்களுக்கு நேர்வது. அப்போது எடுத்த ஸ்கேன் தேவையானதே.

இதுவரை சொன்னது இயற்பியல். மனிதக் குழந்தைகளில் என்ன தெரிந்தது என்பதற்கு மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர ஆய்வு நல்ல சான்று. அங்கே 2,834 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 18ஆவது வாரத்தில் ஒரே ஒரு ஸ்கேனும், மற்றொரு பிரிவுக்கு 18 முதல் 38 வாரம் வரை டாப்ளருடன் ஐந்து ஸ்கேன்களும் செய்தார்கள். 1993இல் வெளிவந்த முதல் முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது: ஐந்து ஸ்கேன் எடுத்த பிரிவில் எடை குறைந்த குழந்தைகள் சற்று அதிகமாக இருந்தார்கள். உங்கள் குடும்பக் குழுவில் வரும் வீடியோக்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். ஆய்வாளர்கள் நிற்கவில்லை, அந்தக் குழந்தைகளை எட்டு வயது வரை தொடர்ந்து அளந்தார்கள். ஒரு வயதுக்குள்ளேயே இரு பிரிவினரின் வளர்ச்சியும் ஒன்றாகிவிட்டது. பேச்சு, மொழி, நடத்தை, நரம்பு வளர்ச்சி எதிலும் வேறுபாடு இல்லை என்று 2004இல் வெளியிட்டார்கள். 2009இல் உலக சுகாதார அமைப்பின் சார்பில் 41 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பிறப்பு எடை, அறிவு வளர்ச்சி, புற்றுநோய், மனநோய் என எதிலும் ஸ்கேனால் தீங்கு தெரியவில்லை. ஒரே ஒரு விலக்கு, ஆண் குழந்தைகளில் இடக்கைப் பழக்கம் சற்றே அதிகம் என்ற மெலிதான தொடர்பு. என் மகன் இடக்கைப் பழக்கம் உள்ளவன். பந்தியில் பக்கத்து இலைக்காரரோடு முழங்கை இடிப்பதைத் தவிர அவனுக்கு அதனால் ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

இதில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. இந்த நீண்ட கால ஆய்வுகளில் பெரும்பாலானவை, ஒலி வரம்பு தளர்த்தப்படுவதற்கு முந்தைய கருவிகளைக் கொண்டு செய்யப்பட்டவை. இன்று எல்லோரும் ஸ்கேன் எடுத்துக்கொள்வதால், எடுக்காத பிரிவு ஒன்றை உருவாக்கி ஒப்பிடுவது இனி இயலாது. எனவேதான் 'தீங்கே இல்லை என்று நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்று நான் எழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடியும் தீங்கு கண்டறியப்படவில்லை என்று மட்டும் எழுதுகிறேன். தேவையான ஸ்கேனைத் தேவையான அளவு மட்டும், இயன்றவரை குறைந்த ஆற்றலில் செய்ய வேண்டும் என்ற விதியும் இதனால்தான் இருக்கிறது.

ஆட்டிசம் குறித்த வீடியோவுக்கு வருகிறேன். அதன் வேர் பெரும்பாலும் 2006இல் யேல் பல்கலைக்கழகத்தில் சுண்டெலிகளிடம் செய்யப்பட்ட ஆய்வாக இருக்கும். கருவுற்ற சுண்டெலிகள்மீது மொத்தம் அரை மணி நேரமோ அதற்கு மேலோ, சிலவற்றுக்கு ஏழு மணி நேரம் வரை, ஒலியைச் செலுத்தியபோது, குட்டிகளின் மூளையில் சிறு எண்ணிக்கையிலான நரம்புச் செல்கள் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. ஆய்வு நேர்மையானது. ஆனால் சுண்டெலிக் கருவின் மூளை முழுவதும் கற்றைக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது. புரோபும் அசையாமல் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. மருத்துவத் தேவைக்காக எடுக்கும் ஸ்கேனைக் கைவிடும்படி அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. மனிதர்களைப் பற்றி 2018இல் பாஸ்டனில் இருந்து வெளிவந்த ஆய்வு, ஆட்டிசம் உள்ள 107 குழந்தைகளின் கர்ப்ப கால ஸ்கேன்களை மற்றக் குழந்தைகளின் ஸ்கேன்களோடு ஒப்பிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு அதிக எண்ணிக்கையிலோ அதிக நேரமோ ஸ்கேன் எடுக்கப்பட்டிருக்கவில்லை. ஒலி ஊடுருவிய ஆழத்தில் ஒரு சிறு வேறுபாடு தெரிந்தது. மற்ற அளவுகள் எவையும் அதோடு ஒத்துப்போகாததால் அதைக் காரணமாகக் கொள்ள முடியாது.

இதைவிட அவசரமானது உங்கள் நாத்தனாரின் மகனுடைய நிலை. மூன்று வயதில் பேச்சு சரியாக வரவில்லை என்றால் முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். பிறகு குழந்தை வளர்ச்சி நிபுணரிடம் காட்ட வேண்டும். நாமக்கல்லில் மாவட்ட அளவிலான அரசு ஆரம்பகால இடையீட்டுச் சேவையைப் பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். 'ஸ்கேனால் வந்தது' என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பையனுக்குப் பயிற்சி தொடங்குவது தள்ளிப்போகிறது.

உங்கள் மாமியார் சொல்வதில் ஒரு பாதியை நான் ஏற்கிறேன். 1993இல் அமெரிக்காவில் 15,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடந்த பெரிய ஆய்வில், எந்தச் சிக்கலும் இல்லாத பெண்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுப்பதால் குழந்தை இறப்பு குறைந்துவிடவில்லை. சிக்கலற்ற கர்ப்பத்தில், 24 வாரத்துக்குப் பிறகு 'சும்மா ஒரு தடவை பார்த்துவிடலாம்' என்று திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்கேன்களால் பயன் இருப்பதாகச் சான்று இல்லை. மாதம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் இடங்கள் நம் ஊரில் இருக்கின்றன. அங்கே கேள்வி கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அனாமலி ஸ்கேன் அந்த வரிசையில் சேராது. 24 வாரத்துக்குள் ஒரு ஸ்கேனாவது எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்யப்பட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. 18 முதல் 20 வாரத்தில் மூளை, முதுகுத்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், கை கால்கள், நஞ்சுக்கொடியின் இடம் எல்லாம் பார்க்கும் அளவுக்கு வளர்ந்திருக்கும். இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய இரத்தக் குழாய்களும் இடம் மாறியிருக்கும் குறை ஒன்று உண்டு. முன்பே தெரிந்தால், குழந்தை இதயச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொண்டு பிள்ளையைக் காப்பாற்ற முடியும், தெரியாவிட்டால் பிறந்த சில மணி நேரத்திலேயே நீலம் பாரித்த குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். நஞ்சுக்கொடி கருப்பையின் வாயை மறைத்துக்கொண்டிருப்பதும் அப்படித்தான். எல்லாக் குறையும் ஸ்கேனில் தெரிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமியாரின் நான்கு பிள்ளைகளும் நலமாக இருப்பது மகிழ்ச்சியே. அவருடைய தலைமுறையில் பிறந்து தங்காமல் போன பிள்ளைகளைப் பற்றியும் அவரிடமே கேட்டுப் பாருங்கள், ஊருக்குள் யார் யார் வீட்டில் என்று அவருக்கு நினைவிருக்கும்.

வீட்டில் வைத்துக் கேட்கும் டாப்ளர் கருவியை வாங்க வேண்டாம். அதன் ஒலியாற்றல் குறைவுதான் என்றாலும், நேரக் கணக்கின்றித் தினமும் வைத்துக் கேட்பீர்கள். அதைவிடப் பெரிய ஆபத்து, அது தரும் பொய்யான நிம்மதி. பழக்கமில்லாத காதுக்கு, தாயின் இரத்தக் குழாய்த் துடிப்பும் நஞ்சுக்கொடியின் ஓட்டமும் குழந்தையின் துடிப்பாகவே கேட்கும். குழந்தையின் அசைவு குறைந்தும், வீட்டுக் கருவியில் துடிப்பு கேட்கிறதே என்று தைரியமாக இருந்து, தாமதமாக மருத்துவமனைக்கு வந்து குழந்தையை இழந்த 38 வாரக் கர்ப்பிணி ஒருவரைப் பற்றி 2009இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் எழுதினார்கள். இத்தகைய கருவிகளையும், நினைவுக்காக மட்டும் எடுக்கும் குழந்தை வீடியோக்களையும் தவிர்க்கும்படி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் அறிவுறுத்தியது. 28 வாரத்துக்குப் பிறகு அசைவை நம்புங்கள். வழக்கத்தைவிடக் குறைந்தால், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நம் நாட்டில் ஆசைக்காக ஸ்கேன் எடுப்பதற்குச் சட்டமே தடையாக இருக்கிறது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கர்ப்பிணிக்கு எடுக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் மருத்துவக் காரணத்தைப் படிவத்தில் பதிவு செய்ய வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க வந்த சட்டம் அது. ஆனாலும் நீங்கள் கையெழுத்துப் போடும் அந்தப் படிவத்தில் காரணம் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால், அந்த ஸ்கேன் எதற்கு என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.

அடுத்த மாதம் போகும்போது முந்தைய மூன்று அறிக்கைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவை இல்லாமல் போய், பிரசவத் தேதியைச் சரிபார்ப்பதற்காகவே இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தவர்கள் உண்டு. அனாமலி ஸ்கேன் சுமார் அரை மணி நேரம் ஆகும். குழந்தை திரும்பிப் படுத்திருந்தால், சற்று நடந்துவிட்டு வரச் சொல்லி மறுபடியும் பார்ப்பார்கள், அதற்குப் பதற வேண்டாம். படுத்திருக்கும்போது திரையின் மூலையில் டி.ஐ. என்ற எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். எண் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார். கேட்கும் கர்ப்பிணிகள் என்னிடம் வரும் நாட்களில் நானும் அந்த மூலையை இன்னும் சற்றுக் கவனமாகவே பார்க்கிறேன்.